வேண்டியபோது பொருந்தும் கிளை

ஒட்டுமா வளர்ப்போர் ஒரு மரத்தின் கிளையை அறுத்தெடுத்து, மற்றொரு மரத்தின் தண்டிலே பொருத்திக் கட்டுகின்றனர். நாளடைவில் இரண்டும் ஒன்றாகின்றன. கனி பறிக்க வருபவன் அக்கிளை எந்த மரத்திற் பிறந்தது என்று விசாரிப்பதில்லை. கைக்கு எட்டிய கனியைப் பறித்துக்கொண்டு செல்கின்றான். யூனிக்ஸ் என்னும் கணினி இயக்க முறைமையிலே கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை இவ்வொட்டு முறையைப் பெரிதும் ஒத்ததாகும்.

ஐக்கிய அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், 1969 ஆம் ஆண்டிலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியால் யூனிக்ஸ் தோன்றியது. அதிலே கோப்புகள் யாவும் ஒரே மரமாக அமைந்துள்ளன. மரத்துக்கு ஒரே வேர். அவ்வேரிலிருந்து கோப்பகங்கள் கிளைகளாகப் பிரிகின்றன. கிளைகளின் நுனியிலே கோப்புகள் இலைகளாக இருக்கின்றன. புதிய வட்டு ஒன்றைக் கணினியோடு சேர்க்கும்போது அதற்கென வேறொரு மரம் நாட்டப்படுவதில்லை. இருக்கும் மரத்தின் வெறுங்கிளை ஒன்றிலே அவ்வட்டின் கோப்புகள் முழுவதும் பொருத்தப்படுகின்றன. இச்செயலையே கணினியாளர் ‘மவுண்ட்’ என்பர். ‘பொருத்துதல்’ என்று தமிழிற் கூறலாம். பொருத்திய பின்னர், கோப்பு எந்த வட்டில் உள்ளது என்னும் கவலை பயன்படுத்துவோனுக்கு இல்லை.

1980 ஆம் ஆண்டுகளிலே கணினிகள் ஒன்றோடொன்று வலையமைப்பால் இணைக்கப்பட்டபோது, அயற்கணினியில் உள்ள கோப்புகளையும் இவ்வாறே நமது மரத்திற் பொருத்தினால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. 1982 இல் நிறுவப்பட்ட சண் மைக்குரோசிஸ்டம்ஸ் கம்பனியைச் சேர்ந்த பொறியியலாளர்கள் இதற்கென ஒரு முறையை ஆக்கி, 1985 ஆம் ஆண்டில் அதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதுவே வலையமைப்புக் கோப்பு முறைமை, சுருக்கமாக என்.எப்.எஸ். எனப்படும். கோப்புகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பிறருக்கு வழங்கும் கணினி சேவையகம் எனப்பட்டது. ஒரு மாணவன் காலையில் ஒரு மேசையிலும் மாலையில் மற்றொரு மேசையிலும் அமரலாம். எங்கு அமர்ந்தாலும் தன் கட்டுரையும் கணக்கும் தன் முன்னே இருக்கக் காண்பான். கோப்பைப் பிரதியெடுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

இவ்வசதியோடு ஒரு தொல்லையும் கூடவே வந்தது. தன் பெட்டிக்குள்ளே இருக்கும் வட்டு, கணினி இயங்கும் வரை இயங்கும். அயற்கணினியோ எப்போது நிற்கும், எப்போது எழும் என்று எவர் கூறவல்லார்? கம்பி அறுபடலாம்; மின்சாரம் தடைப்படலாம்; பழுதுபார்ப்பதற்கென அதனை நிறுத்தியும் வைக்கலாம். அவ்வேளையிலே அதனிடம் ஒரு கோப்பைக் கேட்ட செயலி என்ன செய்வது?

இவ்வினாவுக்கு என்.எப்.எஸ். இரண்டு விடைகளை அளித்தது. ஒன்று வன்பொருத்தம், மற்றது மென்பொருத்தம். வன்பொருத்தத்திலே செயலி சலியாது காத்திருக்கும். சேவையகம் மீண்டும் எழும் வரை, ஒரு மணி நேரமாயினும் ஒரு நாளாயினும், கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்கும். சேவையகம் விடை தரவில்லை என்னும் வாசகம் திரையிலே தோன்றும். பணி முழுவதும் உறைந்து நிற்கும். மென்பொருத்தத்திலே குறித்த தடவைகள் கேட்ட பின்னர் ‘பிழை’ என்று கூறிச் செயலி விடுவிக்கப்படும். பின்னையது நல்லதென மேலோட்டமாகத் தோன்றும். ஆயினும் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றிருக்கலாம். அப்பிழையைக் கவனியாத செயலி, எல்லாம் எழுதி முடிந்தது என்று எண்ணி மேலே செல்லும். இழப்பு நேர்ந்தது என்பது பல நாள் கழித்தே தெரியவரும். காத்திருத்தலா, இழத்தலா என்னும் இக்கட்டிலே, எழுதும் கோப்புகளைப் பொறுத்தவரை காத்திருத்தலையே அனுபவமுள்ள நிர்வாகிகள் தெரிந்தெடுத்தனர்.

காத்திருத்தலுக்கும் ஓர் எல்லை வேண்டுமன்றோ? அக்காலத்திலே ஒரு கணினி தொடங்கும்போதே, அதற்கு என்றேனும் வேண்டியிருக்கக்கூடிய எல்லாச் சேவையகங்களின் கோப்புகளும் ஒருங்கே பொருத்தப்பட்டன. இருபது சேவையகங்கள் இருப்பின் இருபதும் உயிரோடிருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வீழ்ந்தாலும், அன்று அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவரின் பணியும் தடைப்பட இடமுண்டு. வட்டுகளில் எவ்வளவு இடம் மீதியுண்டு என்று அறிய ஒரு சிறு கட்டளை இடுபவரும், இறந்த சேவையகத்தின் விடைக்காகக் காத்துக்கிடக்க நேரிடும்.

இதனிலும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஒரு கணினியிலே பயனர்களின் கோப்புகளும், மற்றொன்றிலே செயலிகளும் உள்ளன எனக் கொள்வோம். முதலாவது இரண்டாவதிடமிருந்தும், இரண்டாவது முதலாவதிடமிருந்தும் கோப்புகளைப் பெறுகின்றன. மின்தடை நீங்கி இரண்டும் ஒரே நேரத்தில் எழுகின்றன. மற்றதன் கோப்புகளைப் பொருத்தி முடித்த பின்னரே தன் சேவையைத் தொடங்குவது என்று இரண்டும் காத்திருந்தால், எது முதலில் எழும்? முன்கூட்டியே வேறு ஏற்பாடு செய்திராவிடின், ‘நீர் முன்னே செல்லும்’ என்று வாசலிலே உபசாரம் பேசி நிற்கும் இரு விருந்தினரைப் போல அவை நின்ற இடத்திலேயே நிற்கும்.

நிர்வாகிகளின் உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொருத்த வேண்டியவற்றின் பட்டியல் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை மாற்றினால், நூறு கணினிகளிலும் பட்டியலைத் திருத்த வேண்டும். ஒன்றில் மறந்துவிட்டாலும் அங்கே அமர்பவருக்குத் தன் கோப்பகம் கிடையாது.

இத்தொல்லைகளுக்கு மாற்றாகத் தோன்றியதே தன்னியக்கப் பொருத்தி. 1988 இல் வெளிவந்த சண் கம்பனியின் இயக்க முறைமையில் இது இடம்பெற்றது. அதனை ஆக்கிய பிரென்ற் கலஹன், ரொம் லையன் என்னும் இருவரும் 1989 இல் இதனை விளக்கிக் கட்டுரை எழுதினர். அவர்களது கருத்து மிக எளியது: வேண்டும்போது பொருத்துக, வேண்டாதபோது கழற்றுக.

அது நடைபெறும் விதத்தை நேயர்கள் படிப்படியாகக் காணலாம். பயனர்களின் கோப்பகங்கள் யாவும் ‘ஹோம்’ என்னும் கிளையின் கீழ் உள்ளன எனக் கொள்க. அக்கிளையின் வாயிலிலே பொருத்தி ஒரு காவற்காரனைப் போல அமர்ந்திருக்கின்றது. உள்ளே இன்னும் எதுவும் பொருத்தப்படவில்லை. ஒரு மாணவன் தன் பெயருள்ள கோப்பகத்தைத் திறக்க முற்படுகின்றான். கேள்வி காவற்காரனிடம் வருகின்றது. காவற்காரன் தன்னிடமுள்ள வரைபடத்தைப் பார்க்கின்றான். இப்பெயருக்குரிய கோப்பகம் இன்ன சேவையகத்தில் இன்ன இடத்தில் உள்ளது என்று அறிகின்றான். அச்சேவையகத்தோடு தொடர்புகொண்டு அக்கிளையைக் கொணர்ந்து பொருத்துகின்றான். வலையமைப்பு நன்னிலையில் இருப்பின் இவையாவும் கண்ணிமைக்கும் பொழுதில் முடிகின்றன. மாணவன் தன் கோப்பகம் எப்போதும் அங்கேயே இருந்தது என்று எண்ணுகின்றான். குறித்த நேரம் அதனை எவரும் தொடாவிடின், காவற்காரன் கிளையைக் கழற்றிவிடுகின்றான். இந்நேரம் வழக்கமாக 5 அல்லது 10 நிமிடம். எவரேனும் அதனுள்ளே கோப்பைத் திறந்து வைத்திருப்பாராயின், கழற்றுவதற்கு இயக்க முறைமை இடங்கொடாது.

இதன் பயன் யாது? ஒரு கணினி தன் பயனர்கள் அப்போது கேட்கும் சேவையகங்களோடு மட்டுமே உறவு கொள்ளும். கேளாத சேவையகம் வீழ்ந்தால் அதனை அக்கணினி அறியவே அறியாது. மின்தடைக்குப் பின்னர் கணினிகள் எந்த ஒழுங்கிலும் எழலாம். தொடங்கும் வேளையிலே ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நிர்வாகியின் சுமையும் குறைந்தது. வரைபடங்களை ஒரு மையக் கணினியில் வைத்து, எல்லாக் கணினிகளும் அதனைக் கேட்டறியும்படி செய்ய முடிந்தது. கோப்புகள் இடம் மாறின் ஓரிடத்தில் திருத்தினாற் போதும். ‘எப்பெயர் கேட்கப்படினும் அதே பெயருள்ள கோப்பகத்தை இச்சேவையகத்திற் காண்க’ என்னும் பொருள்பட ஒரே வரி எழுதி, ஆயிரம் பயனர்களுக்கும் வழி காட்டலாம். துணைநூற் பக்கங்கள் போன்று படிக்க மட்டுமே உரியவற்றைப் பல சேவையகங்களில் வைத்து, எது முதலில் விடை தருகின்றதோ அதனிடமிருந்து பெறும்படியும் எழுதலாம்.

முதற்படைப்பிலே குறைகளும் இருந்தன. அக்காவற்காரன் கோப்புகளை உரிய இடத்திலேயே பொருத்தவில்லை. மறைவான வேறோர் இடத்திற் பொருத்திவிட்டு, உரிய இடத்திலே ஒரு வழிகாட்டிப் பலகையை மாத்திரம் நாட்டினான். தாம் இருக்குமிடம் யாதென வினவிய செயலிகளுக்கு அம்மறைவிடத்தின் பெயரே கிடைத்தது. அப்பெயரை அவை குறித்துக்கொண்டு, கிளை கழற்றப்பட்ட பின்னர் நேரே அங்கே சென்றால் வெறுமையையே கண்டன. காவற்காரனைக் கேட்காது போனமையால் மீண்டும் பொருத்துவார் இல்லை. மேலும் காவற்காரன் ஒருவனே. மறுமொழி தராத சேவையகம் ஒன்றிடம் அவன் காத்து நிற்கும்போது பிறர் வாயிலிலே நின்றனர்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே 1989 இல் யான்-சைமன் பென்றி என்பவர் ஆக்கிய ஏ.எம்.டி. என்னும் பொருத்தி, ஒரு சேவையகத்துக்காகக் காத்திருக்கும் வேளையிலும் மற்றக் கேள்விகளுக்கு விடையளிக்கும் வண்ணம் அமைந்தது. பல கம்பனிகளின் யூனிக்ஸ் வகைகளிலும் அது இயங்கியது. பின்னர் கலஹனும் சத்தீந்தர் சிங்கும் 1993 இல் விளக்கிய ‘ஓட்டோ எப்.எஸ்.’ என்னும் முறை வழிகாட்டிப் பலகையை அகற்றியது. வாயிற்காவலின் ஒரு பகுதி இயக்க முறைமையின் உட்கருவிலேயே வைக்கப்பட்டது; கிளையும் உரிய இடத்திலேயே பொருந்தியது. லினக்ஸ் முறைமைக்கு இத்தகைய பொருத்தியை 1997 ஆம் ஆண்டளவில் எச். பீற்றர் அன்வின் ஆக்கினார். 2010 இல் தோன்றிய ‘சிஸ்ரம்டி’ என்னும் தொடக்க முகாமைச் செயலியும் உட்கருவின் இவ்வசதியைப் பயன்படுத்துகின்றது.

புதிதாக இதனைக் காண்போர் ஒரு விடயத்தில் மயங்குவதுண்டு. ‘ஹோம்’ கிளையில் உள்ளவற்றைப் பட்டியலிடுக என்று கட்டளையிட்டால் எதுவும் இல்லை என்று விடை வரலாம். கோப்புகள் அழிந்துபோயின என்று அஞ்ச வேண்டியதில்லை. கேட்கப்படாத கிளை பொருத்தப்படவில்லை என்பதே அதன் பொருள். பெயரைச் சொல்லிக் கேட்டால் வந்துவிடும். பட்டியல் கேட்டவுடனே அனைத்தையும் பொருத்துவதாயின், ஆயிரம் கோப்பகங்களுக்காக ஆயிரம் பொருத்தங்கள் ஒரே கணத்தில் நிகழ்ந்து வலையமைப்பைத் திணறச் செய்யும். வேண்டுமாயின், பொருத்தாமலே பெயர்களை மட்டும் காட்டுமாறும் பிற்காலப் பொருத்திகளிலே பணிக்கலாம்.

இத்துறையின் நன்மையை நன்கு உணர்த்தும் உதாரணம் ஒன்று காப்புப் பிரதியாகும். நாள்தோறும் நள்ளிரவில் ஒரு செயலி முக்கியமான கோப்புகளைச் சேவையகத்துக்குப் பிரதிசெய்கின்றது என்போம். ஓரிரவு சேவையகம் பொருத்தப்படவில்லை. பொருத்தப்படாத இடத்திலும் ஒரு வெறுங்கோப்பகம் இருக்கவே இருக்கின்றது. செயலி வேற்றுமை அறியாது அவ்வெறுங்கோப்பகத்திலே, அதாவது தன் சொந்த வட்டிலேயே, பிரதிகளை எழுதிக் குவிக்கின்றது. வட்டு நிரம்புகின்றது. மறுநாள் சேவையகத்தைப் பொருத்தியதும் அப்பிரதிகள் பொருத்தத்தின் அடியில் மறைந்துபோகின்றன. காப்பு உண்டென நம்பியிருப்பவரின் கையிலே காப்பு இல்லை. தன்னியக்கப் பொருத்தி காவலிருக்கும் இடத்திலோ, தொட்டவுடன் ஒன்றில் கிளை பொருந்தும்; அன்றேல் ‘இல்லை’ என்னும் பிழை வரும். பிழையை உரக்கச் சொல்லும் கருவி, பிழையை மறைக்கும் கருவியிலும் பன்மடங்கு நன்று.

ஆயினும் இதனால் ஆகாதனவும் உள. பொருத்திய கிளையிலே ஒருவர் பணிசெய்துகொண்டிருக்கும்போது சேவையகம் வீழுமாயின், வன்பொருத்தமெனில் அவர் காத்திருக்கவே வேண்டும். கழற்றும் நேரத்தை மிகக் குறுக்கினால், பொருத்துவதும் கழற்றுவதுமாகவே வலையமைப்பு அலைக்கழியும். மிக நீட்டினால், வேண்டாத தொடர்புகள் நிலைத்துப் பழைய தொல்லையே மீளும். வரைபடத்திலே ஓர் எழுத்துத் தவறினும், அத்தவறு அதனைக் கேட்கும் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒருங்கே பரவும். ஆகவே வரைபடத்தைத் திருத்துவோர், ஒரு கணினியிற் சோதித்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுக்கு வழங்குதல் வேண்டும். காப்புப் பிரதி எடுக்கும் செயலிகள், எழுதுமுன் கிளை பொருந்தியுள்ளதா என்று தாமும் ஒருமுறை நோக்குதல் நலம்.

இன்று பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் அலுவலகங்களிலும் ஒருவர் எந்த மேசையில் அமர்ந்தாலும் தம் கோப்புகளைக் காண்கின்றார். அவற்றைக் கொணர்ந்து பொருத்திய காவற்காரன் கண்ணிற்படுவதில்லை. வரைபடம் ஒழுங்காக எழுதப்பட்டும் சேவையகம் நன்கு பேணப்பட்டும் இருக்கும் வரை, அவனைப் பற்றி நினைக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை.