தண்டனைக்குப் பின்னும் தொடரும் தண்டனை

2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில், தமிழகத்தைச் சேர்ந்த 20 மரம்வெட்டும் தொழிலாளர்கள் ஆந்திர அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் படுகொலையை நாடு அறியும். துப்பாக்கிக்குத் தப்பி வழக்கில் அகப்பட்டோரின் நிலையை நாடு இன்னும் அறியவில்லை.

ஜவ்வாது மலை போன்ற பகுதிகளின் பழங்குடி மக்கள் சாமை விளையும் மானாவாரி நிலத்தையும் வெளியூர்க் கூலி வேலையையும் நம்பி வாழ்பவர்கள். அந்த வறுமையைத் தரகர்கள் பயன்படுத்திக் கொண்டனர். செம்மரம் கடல் கடந்து கோடிகளாக மாறுகிறது. கோடரி பிடித்த கைகளுக்கு மட்டும் விலங்கு கிடைக்கிறது.

2013 டிசம்பரில் சேஷாசலத்தில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டனர். அது கொடிய குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழகத் தொழிலாளர்கள் சேர்க்கப்பட்டனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்த ஆண்டுகளின் கூலியை அவர்களுக்கு யார் திருப்பித் தருவார்?

அன்றைய சித்தூர் மாவட்டம் 2022இல் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வழக்குகளைச் சுமப்போரின் அலைச்சல் மட்டும் மாறவில்லை. வாய்தாவுக்கு வராவிட்டால் பிடிவாரண்டு. வந்தால் அன்றைய கூலி போயிற்று.

சிறையிலிருந்து வெளியே வந்தவர் என்ன வேலைக்குப் போவார்? நகரத்தில் எளிதில் கிடைக்கக்கூடியது செக்யூரிட்டி வேலை. ஆனால் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரைக் காவலாளியாக அமர்த்தக் கூடாது என்கிறது. எந்தக் குற்றம், எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்ற வேறுபாடு அதில் இல்லை. வளைகுடாவுக்குப் போகலாம் என்றால், 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலே விண்ணப்பத்தை மறுக்க முடியும். நீதிமன்ற அனுமதி பெற்றால் விலக்கு உண்டு. அந்த அனுமதிக்கும் மலையிலிருந்து இறங்கி, வக்கீல் வைத்து, திருப்பதிக்கே அலைய வேண்டும்.

ஆளும் வர்க்கத்துக்கு உள்ள அளவுகோல் வேறு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வழக்கு நிலுவையில் இருப்பது தேர்தலில் நிற்கத் தடையல்ல. பெரும்பாலான குற்றங்களில் இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால்தான் தகுதியிழப்பு. அதுவும் விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். சட்டம் இயற்றுபவருக்குக் காலவரம்பு உண்டு; வாயிற்காவல் செய்பவருக்கு இல்லை!

பொதுமக்களின் பாதுகாப்பு முக்கியமல்லவா எனச் சிலர் கேட்பர். முக்கியம்தான். குழந்தைகளுக்கு எதிராகக் குற்றமிழைத்தவரைப் பள்ளியில் அமர்த்தக் கூடாது. அங்கே குற்றத்துக்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மரம் வெட்டிய வழக்குக்கும் கடை வாசலில் காவல் நிற்பதற்கும் என்ன தொடர்பு? நேர்மையான வேலை மறுக்கப்பட்டவரின் வீட்டு வாசலில் முதலில் வந்து நிற்பவன் பழைய தரகன்தான். ஆகவே இத்தடை குற்றத்தைக் குறைப்பதில்லை. கடத்தல் முதலாளிக்கு மலிவான ஆள் சேர்த்துக் கொடுக்கிறது.

மாற்றுவழி புதிதல்ல. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பல தண்டனைகளை முடிந்துபோனவையாகக் கருதுகிறது. இந்தியாவிலேயே 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, அச்சட்டப்படி நன்னடத்தையின் பேரில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கூடாது என்கிறது. அந்தக் கொள்கையை விரிவாக்குவதே தேவை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. வேலைக்குத் தொடர்பற்ற குற்றங்களுக்காக உரிமமோ பணியோ மறுக்கப்படக் கூடாது. எஞ்சிய தடைகளுக்குக் காலவரம்பு வேண்டும். நிலுவை வழக்கைத் தண்டனையாகக் கருதக் கூடாது. விடுதலையானவரின் வழக்கு, காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றில் இடம்பெறக் கூடாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பழங்குடியினருக்கு உரிய இலவசச் சட்ட உதவி, சித்தூர், திருப்பதி நீதிமன்றங்களில் தமிழறிந்த வழக்குரைஞர்கள் மூலம் கிடைக்க வேண்டும்.

தோழர்களே! மலைக்கிராமக் கிளைகள் வழக்குள்ளோரின் பட்டியலைத் தயாரிக்கட்டும். எல்லைக்கு அப்பாலுள்ள ஆந்திரத் தோழர்கள் நீதிமன்ற வாசலில் அவர்களுக்குத் துணைநிற்கட்டும். கொல்லப்பட்ட இருபது பேருக்கு நீதி கேட்கும் இயக்கம், உயிரோடு இருப்பவர்களின் வேலைக்காகவும் போராட வேண்டும்.