கோயிலும் பள்ளிக்கூடமும் மேற்றிராசனமும்

யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கரையோரக் கிராமம் ஒன்றின் வழியே செல்பவர், பாடசாலைப் பெயர்ப்பலகையில் அர்ச்சியசிட்டவர் ஒருவரின் பெயரையும், அதன் பின்னே 'றோ. க. த. க. பாடசாலை' என்னும் எழுத்துக்களையும் காண்பதுண்டு. றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் பாடசாலை என்பது அவற்றின் விரிவு. ஆனால் உள்ளே சென்று விசாரித்தால், அதிபரை நியமிப்பதும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் அரசாங்கமே என்பது தெரியவரும். பெயர் ஒரு கதையையும் நடைமுறை வேறொரு கதையையும் சொல்லுகின்றன. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய வேண்டுமாயின், கத்தோலிக்க திருச்சபை தன் மக்களை எவ்வாறு வகுத்து நிருவகிக்கின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

அந்த அமைப்பின் அடித்தளம் பங்கு. யாழ்ப்பாணத்தில் இதற்குக் கோயிற்பற்று என்னும் பழம்பெயரும் உண்டு. போர்த்துக்கேயர் வகுத்த கோயிற்பற்றுக்களை, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அழிக்கவில்லை. கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். கோயில்களைத் தமது மதத்துக்கு ஆக்கிக்கொண்டார்கள். பிரிவுகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பில் எழுதினார். பதிவுக்கும் சொத்துரிமைக்கும் தொடர்பிருந்தமையால், மனத்திலே வேறு சமயத்தை வைத்திருந்தோரும் அந்தத் தோம்பிலே பெயர் பதியச் சென்றனர். கோயில், பள்ளி, பதிவேடு என்னும் மூன்றும் ஒரே வளவுக்குள் இருந்த வழக்கம் இந்நாட்டிற்கு அவ்வளவு பழையது.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கரைக் காத்தது வேறோர் ஒழுங்கு. 1687இல் கோவையிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப்வாஸ் அடிகள், ஓரிடத்தில் நிலைத்திருக்க முடியாதவர். ஆகவே அவர் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். குருவானவர் வராத மாதங்களிற் செபம் சொல்லுவித்ததும், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்ததும், சாகும் தறுவாயிலுள்ளோருக்குத் துணைநின்றதும் அவர்களே. அடிகள் 1711இற் கண்டியிற் காலமானார். 2015இல் அர்ச்சியசிட்டவராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார். குருவின்றிப் பங்கு நிலைக்கலாம் என்பதை அந்த எளிய ஏற்பாடு காட்டிற்று.

இன்றைய சட்டப்படி பங்கிற்குக் குருவானவரை நியமிப்பவர் மேற்றிராணியார். மக்கள் அவரைத் தெரிவு செய்வதில்லை. இடமாற்றஞ் செய்வதும் அவர்கள் கையில் இல்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுதி, ஒவ்வொரு பங்கிலும் நிதிச்சபை ஒன்று இருத்தல் வேண்டுமென்று கட்டாயப்படுத்துகின்றது. மேய்ப்புப்பணிச் சபையோ, மேற்றிராணியார் தகுமெனக் கண்டால் மாத்திரமே அமைவது. அதுவும் ஆலோசனை கூறலாமேயன்றித் தீர்ப்புச் செய்யலாகாது. தம் கையாற் கல் சுமந்து கோயில் கட்டிய கிராமத்தவருக்கு இது எளிதில் உவப்பதன்று. பல பங்குகளில் மூப்பருக்கும் சுவாமியாருக்கும் இடையே எழும் மனத்தாங்கலுக்கு வேர் இங்கேதான் உள்ளது.

பங்கின் உடைமைகளுள் மிகப் பெறுமதியானது கோயிற் கட்டடமன்று, ஞானஸ்நானப் பதிவேடு. ஒருவர் எங்கே விவாகஞ் செய்தாலும், அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கிற்கு அனுப்பப்பட்டு, அவர் பெயருக்கருகே குறிக்கப்படுதல் வேண்டும். கொழும்பிலோ கனடாவிலோ வாழ்பவரின் வாழ்க்கைக் குறிப்பு, பிறந்த ஊரின் ஒரு பழைய புத்தகத்திலே தொடர்ந்து எழுதப்படுகின்றது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுதி இப்பதிவுகளின் பிரதியை ஆண்டுதோறும் மேற்றிராணியாரின் செயலகத்துக்கு அனுப்பும்படி விதித்திருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுதியில் அந்தக் கட்டாயம் இல்லை. விதியைச் சுருக்கியோர் யுத்தத்தை நினைக்கவில்லைப் போலும். 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் வீதிக்கு வந்தபொழுது, ஒரு புத்தகம் எங்கே இருக்கின்றது, அதற்குப் பிரதி உண்டா என்பவை அற்பமான கேள்விகளாய் இருக்கவில்லை.

பங்குகள் பல சேர்ந்தது மேற்றிராசனம். இக்காலத்தில் மறைமாவட்டம் என்பர். 1886இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவர் இலங்கையில் முறையான குருத்துவ ஆட்சியை நிறுவியபோது, கொழும்பு அதிமேற்றிராசனமாகவும், யாழ்ப்பாணமும் கண்டியும் மேற்றிராசனங்களாகவும் அமைந்தன. 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் பிரிந்தது. 2012இல் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு பிரிந்தது. இப்பொழுது இலங்கையில் உள்ளவை பன்னிரண்டு. கொழும்பு அதிமேற்றிராணியார் ஏனையோருக்கு மேலதிகாரி என்று பலரும் எண்ணுவது தவறு. அவர் முதன்மை பெற்றவரேயன்றி, யாழ்ப்பாணத்திலே ஒரு குருவானவரையேனும் இடம்மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. ஒவ்வொரு மேற்றிராணியாரும் தமது ஆட்சிக்கு நேரே றோமாபுரிக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். எழுபத்தைந்து வயதானதும் பதவி விலகற் கடிதத்தைப் பாப்பானவருக்குச் சமர்ப்பிக்கும்படி சட்டம் அவரை வேண்டுகின்றது.

இனிப் பள்ளிக்கூடங்களுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் அர்ச்சியசிட்ட பத்திரிசியார் கல்லூரியின் தொடக்கம் 1850. திருக்குடும்பக் கன்னியர் 1862இல் வந்தபின் பெண்கல்வி வளர்ந்தது. 1868இல் யாழ்ப்பாணத்தின் ஆட்சியை ஏற்ற பொஞ்ஞான் ஆண்டகை, சமயச் சார்புள்ள பள்ளிக்கும் அரசாங்க நன்கொடை கிடைக்கவேண்டுமென்று விடாது வாதாடியவர். அந்த நன்கொடை முறையிலே ஒவ்வொரு பாடசாலைக்கும் மனேஜர் ஒருவர் இருந்தார். ஆசிரியரைத் தெரிபவர் அவர். சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தது அரசாங்கம். கத்தோலிக்க பாடசாலைகளிலே மனேஜர் பெரும்பாலும் குருவானவரே. ஆகவே ஊரிலே ஞானஸ்நானங் கொடுப்பவரும், பிணக்குத் தீர்ப்பவரும், வேலை கொடுப்பவரும் ஒருவராயினர். இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. அதிகாரம் ஒரு கையிற் குவிந்ததும் உண்மையே. பொதுப்பணத்தைக் கொண்டு பிறர் பிள்ளைகளை மதம் மாற்றுகின்றனர் என்று சைவரும் பௌத்தரும் கூறிய குறையை முற்றாகப் பொய்யென்று தள்ளிவிட முடியாது.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மனேஜர் பதவியை அரசாங்கத்தின் கைக்கு மாற்றியது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்க வழிசெய்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களிற் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் காவலிருந்தனர். நாட்கள் சென்றன, கிளர்ச்சி ஓய்ந்தது. இழந்தவர் கத்தோலிக்கர் மட்டுமல்லர். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் பாடுபட்டு அமைத்த பாடசாலைகளும் அதே சட்டத்திற்கு உட்பட்டன. பெரிய கல்லூரிகள் சில, பத்திரிசியார் கல்லூரி உட்பட, நன்கொடையும் கட்டணமும் இன்றித் தனித்து நிற்கத் துணிந்தன. கிராமப் பள்ளிகளுக்கு அந்தத் தெரிவே இருக்கவில்லை.

இதன்பின் பங்கின் உள்ளமைப்பு மாறிற்று. குருவானவர் பள்ளிக்கு அதிகாரியாகவன்றி விருந்தினராகச் செல்லலானார். சமயம் அரச பாடத்திட்டத்தில் ஒரு பாடமாக இருப்பினும், பிள்ளைகளைத் தேவதிரவிய அநுமானங்களுக்கு ஆயத்தஞ் செய்யும் பொறுப்பு ஞாயிற்றுக்கிழமை மறைப்பள்ளியைச் சார்ந்தது. அங்கே கற்பிப்போர் ஊதியம் பெறாத இளைஞரும் யுவதிகளும் ஆவர். ஒருவகையில், யோசேப்வாஸ் அடிகள் காலத்து அண்ணாவியாரின் வேலை அவர்களிடம் திரும்பி வந்திருக்கின்றது.

கோயில் வளவுக்கும் பள்ளி வளவுக்கும் இடையிலே பல ஊர்களில் ஒரு சிறு படலை இன்னும் இருக்கின்றது. புதிய வகுப்பறை வேண்டுமாயின் அதிபர் வலயக் கல்விப் பணிமனைக்கு விண்ணப்பம் எழுதுகின்றார். பாடசாலையின் பெயர்கொண்ட அர்ச்சியசிட்டவரின் திருநாள் வருமாயின், அந்தப் படலை வழியாக ஒரு மாணவனைக் குருமனைக்கு அனுப்பி, பூசைக்கு நேரம் கேட்கின்றார்.