விபத்து இழப்பீடும் சமரசத் தீர்வும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வேலையில் நேரும் விபத்துக்கான இழப்பீட்டை வழக்காடாமல் பேசித் தீர்ப்பது எப்படி என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பழனிசெட்டிபட்டியைச் சுற்றிலும் நூற்பாலைகளிலும் பட்டறைகளிலும் கட்டட வேலையிலும் பிழைப்போர் பலர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரும் உண்டு. வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் முகம் பார்த்துப் பழகும் ஊர்களில், விபத்து நேர்ந்தால் இரு தரப்பும் முதலில் நாடுவது பெரியவர்களைத்தான். அது நல்ல வழக்கம். ஆனால் பேச்சு முடிந்து, ஒரு தொகையைக் கொடுத்து, "இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறோம். சட்டப்படி அது முடிவன்று.

1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே ஒரு மாற்றுவழிதான். உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்ல வேண்டிய தொழிலாளியை, இழப்பீட்டு ஆணையர் என்னும் தனி அலுவலரிடம் அது அனுப்பியது. அதன் ஏற்பாடுகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-இல் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் வரும் தொழிலாளர்கள் அந்தக் கழகத்திடமே பயன் பெற வேண்டும். நான் சொல்வது மற்றவர்களுக்கானது.

முதலில் கணக்கை அறிய வேண்டும். இழப்பீடு என்பது முதலாளியின் மனமிரங்கிய தொகை அன்று. மாத ஊதியம் 10,000 ரூபாய் பெறும் 35 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால், ஊதியத்தில் பாதியை அவ்வயதுக்குரிய 197.06 என்னும் காரணியால் பெருக்க வேண்டும். வருவது 9,85,300 ரூபாய். அவரே முழு நிரந்தர ஊனமுற்றால் ஊதியத்தில் 60 சதவீதத்தைப் பெருக்க, 11,82,360 ரூபாய். ஒரு கட்டைவிரலை இழந்தால் அதில் 30 சதவீதம், அதாவது 3,54,708 ரூபாய். இந்தக் கணக்கு தெரியாமல் ஐம்பதாயிரத்துக்கு முடித்து வைத்தால், அது சமரசம் ஆகாது. எளியவரின் அறியாமையால் நேர்ந்த இழப்பே ஆகும். "அவன் கவனக்குறைவுதானே" என்ற பேச்சும் எழும். சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கக் காரணம் ஆகாது.

இரண்டாவது, பதிவு. ஒப்புக்கொண்ட தொகையை ஒப்பந்தமாக எழுதி, உரிய அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ நெருக்கியோ பெறப்பட்டது என்றோ கண்டால், அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவு செய்யாத முதலாளி, சட்டப்படியான முழுத் தொகைக்கும் பொறுப்பாவார். ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல், அலுவலர் வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே பதிவு என்பது முதலாளிக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது, இறப்பு நேர்ந்தால் இழப்பீட்டை அலுவலரிடம் செலுத்த வேண்டும். அண்ணனிடமோ மாமனிடமோ கொடுத்தது, குறிப்பிட்ட அளவு முன்பணம் தவிர, கொடுத்ததாகவே கருதப்படாது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு அவரே பங்கிட்டளிப்பார். விதவையின் பங்கும் யத்தீம் பிள்ளைகளின் பங்கும் பிறர் கைக்குப் போகாமல் காப்பதே இதன் நோக்கம்.

மனு ஏற்கெனவே நிலுவையில் இருந்தால், லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்திற்கு அதைக் கொண்டுசெல்லலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அதன் தீர்வு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. எனவே கையெழுத்திடும் முன்பே கணக்குப் பார்க்க வேண்டும். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

ஏலத்தோட்டத்திற்குச் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ளவும். விபத்து கேரளத்தில் நடந்தாலும், தொழிலாளியோ அவர் குடும்பத்தாரோ தாம் குடியிருக்கும் பகுதிக்குரிய அலுவலரிடமே மனுச் செய்யலாம். 1995-இல் வந்த திருத்தம் தந்த வசதி இது. மனுவுக்குரிய காலம் இரண்டு ஆண்டுகள். "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லியே அந்தக் காலம் கழிந்துவிடக் கூடாது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகத்திற்கு என் வேண்டுகோள் மூன்று. விபத்து நடந்த வாரத்திலேயே மருத்துவச் சான்று, வயதுச் சான்று, ஊதிய விவரம் ஆகியவற்றைத் திரட்ட உதவுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் சட்டப்படியான தொகையை எழுதி, இரு தரப்பாரின் முன்னும் வையுங்கள். உடன்பாடு ஏற்பட்டால், பதிவாகும் வரை உடன் செல்லுங்கள். தொகையைத் தவணையாகத் தருவதா, மருத்துவச் செலவை எவ்வாறு சேர்ப்பது, மீண்டும் வேலை தருவதா என்பனவற்றைப் பெரியவர்கள் தாராளமாகப் பேசித் தீர்க்கலாம். சட்டம் தரும் தொகையைக் குறைப்பதற்கு மட்டும் நம் மன்றம் இடம் தரக்கூடாது.