கரண்டு வைப்பதும் எடைக்கல்லும்

(பெரம்பலூரிலும் அரியலூரிலும் நடந்த கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



நம் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று கண்டு, "கரண்டு வைக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டார் முதலில் ஓடுவது பல இடங்களில் மந்திரக்காரனிடந்தான். கேட்டால், "அளவு தப்பினால் உடம்பு என்னாவது?" என்கிறார்கள். நல்ல கேள்விதான், நாம் மெச்சுகிறோம். ஆனால் விபூதி கொடுப்பவனிடம் மட்டும் இந்தக் கேள்வியை ஏன் கேட்பதில்லை?

முதலாவது, அது மின்சாரமே அல்ல, ஒருவகைக் கதிர். படும்போது வலியும் தெரியாது. அதை அளக்க அயனி அறை என்று ஒரு கருவி உண்டு. பெயர்தான் அறை, ஆள் சுண்டுவிரல் நுனியளவு! உள்ளே இருப்பது வெறும் காற்று. கதிர் பாய்ந்தால் அந்தக் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரியும். சில நூறு வோல்ட் கொடுத்து அவைகளை இழுத்து, சேர்ந்த மின்னேற்றத்தை அளந்தால் கதிரின் அளவு தெரிந்துவிடும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தானே? ஆகவே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தே அளக்கிறார்கள்.

சரி, அது பொய் சொல்லாதா? சொல்லும். அந்த அறை திறந்த காற்றோடு தொடர்புள்ளது. வெயிலில் காற்று விரிந்தால் உள்ளிருக்கும் காற்று குறையும். 20 டிகிரிக்குச் சரிபார்த்த கருவி 35 டிகிரியில் நூற்றுக்கு 5 குறைத்துக் காட்டும். ஊட்டி மலைக்குக் கொண்டுபோனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறையும். அதை அப்படியே நம்பினால் நோயாளிக்குக் கூடுதல் கதிர் போய்ச் சேரும். அதனால்தான் பக்கத்தில் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் வைத்துக் கணக்கைத் திருத்துகிறார்கள். பிரிந்த மின்னேற்றம் வழியிலேயே மறுபடி ஒன்று சேர்ந்துவிடுவதும் உண்டு; வோல்ட்டை மாற்றி அளந்து அதையும் கண்டுபிடிக்கிறார்கள்.

சின்ன வெங்காயம் விற்கும் தோழர்களுக்கு இது புதிதல்ல. முத்திரையில்லாத எடைக்கல்லை நீங்கள் ஒப்புவீர்களா? இந்தக் கருவிக்கும் முத்திரை உண்டு. பம்பாய் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் தரக் கருவியோடு ஒப்பிட்டுச் சான்று பெற வேண்டும். 1969 முதல் சர்வதேச அணுசக்தி ஏஜென்சியும் உலக சுகாதார ஸ்தாபனமும் தபாலில் அளவுமானிகள் அனுப்பிப் பல தேசத்து ஆஸ்பத்திரிகளைச் சோதிக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் "நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை முன்பின் இருக்கலாம்" என்று விஞ்ஞானிகள் தாங்களே எழுதி வைக்கிறார்கள். நோயாளிக்குச் சேரும் அளவு நூற்றுக்கு 5-க்கு மேல் பிசகக் கூடாதென்று 1976-லேயே சர்வதேசக் குழு சொல்லிவிட்டது. எந்த ஜோசியன் தன் பிழை நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்?

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். அந்த அம்மையார் நேர்த்திக்கடன் சீட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொரு சங்கதி. கதிரை ஒரே நாளில் கொட்டுவதில்லை. பெரும்பாலும் ஐந்தாறு வாரம், தினம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நம்மவர்களோ அமாவாசை, ஆடித் திருவிழா, காப்புக்கட்டு என்று நடுவில் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். இடைவெளியில் புற்று மறுபடி வளர்கிறது. அத்தனை துல்லியமாக அளந்த அளவை அப்போது கெடுப்பது கருவியல்ல, நாம்தான். உங்கள் தெருவில் யாராவது அப்படித் திரும்பி வந்திருந்தால், நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போய் விடுங்கள்.