பொழுதோட வாங்க!

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு இன்று கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே!

"கொரோனா காலத்தில் கிடைத்த எதிர்பாராத நன்மைகள்" என்ற தலைப்பைச் செயலாளர் எனக்குக் கொடுத்தபோது கொஞ்சம் தயங்கினேன். அந்த இரண்டு வருஷத்தில் நன்மை என்று பேசுவதற்கு நாக்கு கூச வேண்டும். கச்சேரி இல்லாமல் நாதஸ்வரத்தை உறைக்குள் போட்டு வைத்தவர்களையும், பொம்மை செய்து விற்க முடியாமல் தவித்தவர்களையும் இதே தஞ்சாவூரில் பார்த்தோம். 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி பெரிய கோயில் கும்பாபிஷேகம். இருபத்து மூன்று வருஷம் கழித்து நடந்த விழா, ஊரே திரண்டு நின்றது. அடுத்த மாதமே அந்தக் கோயிலுக்கும் கதவு சாத்தியாகிவிட்டது. ஆகவே நான் நோய்க்கு நன்றி சொல்ல வரவில்லை. அது வாசலில் நின்றபோது வீட்டுக்குள் எனக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்குக் கிடைத்தது என் பேச்சு. எப்படி என்று சொல்ல வேண்டுமானால், 2004-ஆம் வருஷத்து ஹாஸ்டல் அறைக்குப் போக வேண்டும்.

அந்த அறையில் நாலு பேர். யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். கோவை, நெல்லை, மெட்ராஸ், அப்புறம் நான், தஞ்சாவூரு. முதல் நாள் ராத்திரி "வூட்டுக்குப் போவணும் போல இருக்கு"ன்னு நான் சொன்னதும் மூன்று பேரும் சிரித்தார்கள். "வூடு", "போவணும்", "ஆவாது", "இஞ்ச வா". இதெல்லாம் கேலிக்குரிய சொற்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் நானும் விடவில்லை. கோவைக்காரன் மரியாதை மாறாமல், "ஏனுங்க, என்ற சோப்பை எடுத்தீங்களாங்க?" என்று சண்டை போடுவான். நெல்லைக்காரன் "எல"வில் தொடங்கி "எல"வில் முடிப்பான். மெட்ராஸ் பேசினால் மற்ற மூன்று பேரும் மொழிபெயர்ப்பாளர் தேடுவோம்.

2008-இல் வெளியே போனோம். நான் படித்தது சிவில், வேலை கிடைத்தது சாப்ட்வேரில். (இங்கே பாதிப் பேர் தலையாட்டுகிறீர்கள், புரிகிறது.) சேர்ந்ததுமே பேச்சைத் திருத்த ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆங்கிலத்துக்குத்தான் பயிற்சி. ஆனால் அதோடு என் தமிழும் சலவைக்குப் போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்தில் நான் பேசியது எந்த ஊர்த் தமிழும் இல்லை, டெலிவிஷன் தமிழ். போனில், "நல்லா இருக்கீங்களாப்பா? ஹெல்த் எப்படி?" என்று கேட்பேன். அப்பாவும் ஏதோ ஆபீசரிடம் பேசுகிற மாதிரி, "நல்லா இருக்கேன் தம்பி" என்று வைத்துவிடுவார். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையை எல்லாம் சாய்த்தபோதுகூட எனக்குக் கிடைத்தது இரண்டே நாள் லீவு. விழுந்த மரத்தை எண்ணிப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

2020 மார்ச் 23-ஆம் தேதி ராத்திரி, கோயம்பேட்டில் அந்தப் பெருங்கூட்டத்தில் மனைவி, மகளோடு முட்டி மோதி பஸ் பிடித்தேன். கைப்பையில் மூன்று நாளைக்குத் துணி. வீட்டில் தங்கியது பதினான்கு மாதம்!

ஆபீஸ் நடந்தது திண்ணைக்கு உள்பக்கம், பழைய பத்தாயத்தின் மேல். சிக்னல் அங்கேதான் கிடைத்தது. ஒரு நாள் பெரிய அதிகாரிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் மீட்டிங். நான் மும்முரமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். பின்னால் அம்மாவின் குரல், ஊருக்கே கேட்கிற மாதிரி: "இஞ்சாருங்க! மாடு அவுத்துக்கிட்டுப் போயி நாத்தங்கால்ல எறங்கிடுச்சு!" எனக்கு உயிரே போய்விட்டது. மைக்கை அணைப்பதற்குள் பெங்களூரிலிருந்து எங்கள் பெரிய மேனேஜர், அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசியிராதவர், "என்னப்பா, நீ எந்தூரு? நமக்குப் பட்டுக்கோட்டை. மொதல்ல மாட்டைப் புடிச்சிக் கட்டு" என்றார். ஆறு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் ஊரை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்!

அந்த வருஷம் ஆறும் நம்மை ஏமாற்றவில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் குறித்த நாளில் திறக்காத மேட்டூர் அணை, 2020-இல் ஜூன் 12-ஆம் தேதியே திறந்தது. பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு முதன்முறையாகக் குறுவை நடவுக்கு அப்பாவோடு வரப்பில் நின்றேன். நீர்ப்பாசனப் பாடத்தில் நான் முதல் வகுப்பு. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அப்பாதான் வாத்தியார், நான் மாணவன். புத்தகத்தில் ஸ்லூஸ் என்று படித்தது மதகு. ரெகுலேட்டர் என்று படித்தது எங்கள் ஊரில் "சட்ரஸ்". ஹெட் ரீச், டெயில் எண்ட் என்று பரீட்சையில் எழுதினேனே, அதைத் தலைமடை, கடைமடை என்று அப்பா சொன்னபோதுதான் அதற்குள் ஒரு சண்டையும் ஒரு கண்ணீரும் இருப்பது தெரிந்தது. கடைமடைக்காரனுக்கு அது வரைபடத்தில் ஒரு கோடு இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு மதகடியில் நின்று, "தண்ணி ஏறிடுச்சா?" என்று கேட்பது. அப்பாவும் நானும் அப்படி நின்ற ராத்திரிகளில்தான் உண்மையில் பேசிக்கொண்டோம். ஒரு நாள் என்னையறியாமல், "வூட்டுக்குப் போவலாம்ப்பா, பனி ஒத்துக்காது" என்றேன். அப்பா திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து போனில் ஆபீசரிடம் பேசுகிற மாதிரி அவர் என்னிடம் பேசியதில்லை.

அடுத்த நன்மை, பன்னிரண்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தது. முதல் வாரமே தகராறு. "பொழுதோட பேசலாமுங்க" என்றான் கோவை. எங்கள் வீட்டில் "பொழுதோட வந்துடு" என்றால் இருட்டுவதற்குள் வந்துவிடு என்று அர்த்தம். நான் நாலரைக்கே உட்கார்ந்துவிட்டேன். அவன் ஏழு மணிக்கு வருகிறான்! கேட்டால், பொழுதோட என்றாலே சாயங்காலம்தானாம். அடுத்த வாரம், "நேரமே வந்துருங்க" என்றான். மெட்ராஸ் அதைச் சரியான நேரம் என்று எடுத்துக்கொண்டு கடிகாரம் பார்த்து ஆறுக்கு வந்தான். கொங்கு நாட்டில் "நேரமே" என்றால் சீக்கிரமே. கோவை ஐந்து மணியிலிருந்து தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

"காட்டுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தனுங்க" என்று அவன் ஒரு நாள் சொன்னதைக் கேட்டுவிட்டு எங்கம்மா, "ஏன்டா, அந்தப் புள்ள ஊருல புலி கிலி வராதா?" என்று கவலைப்பட்டார்கள். அவர்கள் பக்கம் மேட்டு நிலத்துக் கொல்லைதான் காடு என்று விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிலும் உச்சம் இது. மெட்ராஸ் நெல்லையைக் கேட்டான், "எங்கடா உன் பொண்ணு?" நெல்லை கேமராவைத் திருப்பி, "இன்னா!" என்றான்.

"இன்னாவா? பொண்ணு எங்கன்னு கேட்டேன்."

"அதான் சொல்லுதேன்ல, இன்னா!"

"இன்னா இன்னா?"

நெல்லையில் "இன்னா" என்றால் இதோ. மெட்ராஸில் "இன்னா" என்றால் என்ன. குழந்தை நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறது. நாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வெளியே ஆம்புலன்ஸ் போகிற காலத்தில் அந்தச் சிரிப்புதான் எங்களுக்கு மருந்து என்றால் அது மிகையாகாது.

நண்பர்களே, இதுவரை சிரித்தீர்கள். இனிமேல் சொல்வது எனக்குச் சிரமமானது.

2021 மே மாதம், இரண்டாவது அலை. அந்த மாதம் 17-ஆம் தேதி கி. ராஜநாராயணன் அவர்கள் புதுச்சேரியில் காலமானார். நிறைந்த வாழ்வு வாழ்ந்தவர். சம்சாரிகளின் பேச்சு அகராதிக்குள் வரத் தகுதியானதுதான் என்று 1982-லேயே கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்துப் புத்தகமாகத் தந்தவர். அந்த வாரம் எங்கள் நெல்லை ஆஸ்பத்திரியில் இருந்தான். முப்பத்து நாலு வயது. அவன் திரும்பி வரவில்லை.

அவன் எனக்குக் கடைசியாக அனுப்பியது எழுத்து இல்லை, குரல். "எல தஞ்சாவூரு, மேட்டூரு தொறந்தா ஒரு வார்த்த சொல்லுல. பிள்ளையக் கூட்டிக்கிட்டு அங்க வாரேன்." அந்த வருஷமும் ஜூன் 12-ஆம் தேதியே அணை திறந்தது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று மதகில் நின்று படம் எடுத்தேன். யாருக்கு அனுப்புவது? அவன் நம்பருக்கே அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது.

பிறகு அவன் மனைவியிடம் பேசினேன். "பிள்ளைக்கு அவுக பேச்சு மறந்துரக் கூடாதுண்ணே, உங்ககிட்ட இருக்கிறதை அனுப்புங்க" என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் இருந்த குரல் பதிவுகளைத் தேடி எடுத்து அனுப்பினோம். ஒன்றில்கூட அறிவுரை கிடையாது, லட்சியம் கிடையாது. முழுக்க முழுக்க எங்களைக் கேலி செய்த பேச்சு. அந்தக் குழந்தைக்கு இன்று அதுதான் அப்பா. நாங்கள் சலவை செய்த தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பதிவுகளில் யாரோ ஒரு கம்பெனி ஆள்தான் இருந்திருப்பான். அவன் ஊர்ப் பேச்சு இருந்ததால் அவனே இருக்கிறான். அந்தப் பெண்ணின் படிப்புச் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை இந்தச் சபையில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டே இரண்டு. ஒன்று, ஊருக்குப் போனால் அப்பா அம்மா பேசுவதைக் கொஞ்சம் பதிவு செய்து வையுங்கள். பொன்மொழி எல்லாம் வேண்டாம். மாட்டை விரட்டுவது, பக்கத்து வீட்டோடு வம்பளப்பது, உங்களைத் திட்டுவது, இது போதும். இரண்டு, இன்று மத்தியானச் சாப்பாட்டுப் பந்தியில் ஒருவரும் ஆபீஸ் தமிழ் பேசக் கூடாது. கோவை கோவையாகப் பேசட்டும், மெட்ராஸ் மெட்ராஸாகப் பேசட்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

சாப்பிட்டதும் ஓடிவிடாமல், எங்கள் வூட்டுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போவணும். வாய்க்காலில் தண்ணீர் போகிறது. பொழுதோட வாங்க. அதற்கு எந்த ஊர் அர்த்தம் வைத்துக்கொண்டாலும் சரி, கதவு திறந்திருக்கும்.