எண்ணெய் இருந்தும் ஏன் இந்த அவலம்?

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால்...

  

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு உங்களுக்குத் தெரியும். ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். பின்னர் வந்த ஏழாண்டுப் பஞ்சத்தில் எகிப்து பிழைத்தது. அதே ஆப்பிரிக்கக் கண்டத்தில் அந்தப் பாடத்தை மறந்த ஒரு நாட்டைப் பாருங்கள்.

நைஜீரியா! கோடிக்கணக்கான முஸ்லிம்கள் வாழும் நாடு. அதன் வடபகுதியில் உள்ள கானோ நகரில் ஒரு காலத்தில் நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி ஏற்றுமதி செய்தார்கள். 1956ல் தெற்கே ஒலோயிபிரியில் எண்ணெய் கிடைத்தது. 1970களில் பணம் கொட்டியது. கடலைக் கோபுரங்கள் மறைந்தன. ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி எண்ணெய் ஒன்றிலிருந்தே என்றாகிவிட்டது.

2010ல் அமெரிக்கா நைஜீரியாவிடம் நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் பீப்பாய் வாங்கியது. 2014 ஜூலையில் ஒரு பீப்பாய்கூட வாங்கவில்லை. சண்டையா? பகையா? எதுவும் இல்லை. ஷேல் பாறைகளை உடைத்து அதே ரக எண்ணெயைத் தன் மண்ணிலேயே அமெரிக்கா எடுக்கத் தொடங்கியது. அவ்வளவுதான்! 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டு நைஜீரியப் பொருளாதாரமே சுருங்கியது.

சேமிப்பு இல்லையா? இருந்தது. எண்ணெய் உபரிக்கென வைத்த கணக்கில் 2008 இறுதியில் சுமார் 2000 கோடி டாலர் இருந்தது. 2015ல் மிஞ்சியது ஏறக்குறைய 200 கோடிதான். கொழுத்த ஆண்டுகளிலேயே தின்று தீர்த்துவிட்டார்கள்!

அமெரிக்கா விட்ட இடத்தில் இந்தியா பெரிய வாடிக்கையாளராக வந்தது. 2022ல் உக்ரைன் போர் மூண்டது. ரஷ்யா தள்ளுபடி விலையில் எண்ணெய் தர, இந்திய ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. கடைக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள்: மலிவாகக் கிடைத்தால் வாடிக்கையாளர் நிற்பாரா?

அந்த ஆண்டு எண்ணெய் விலை ஏறியதே, லாபம்தானே என்பீர்கள். இல்லை சகோதரர்களே! அரசின் சுத்திகரிப்பு ஆலைகள் முடங்கிக் கிடந்தன. கச்சா எண்ணெயை விற்றுவிட்டு, பெட்ரோலை வெளிநாட்டில் வாங்கி மானிய விலையில் கொடுத்தார்கள். விலை ஏற ஏற மானியச் சுமையும் ஏறியது. 2023 மே 29ல் புதிய அதிபர் மானியம் ஒழிந்தது என்று அறிவித்தார். லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல் சில நாட்களில் 500ஐத் தொட்டது. அடி விழுந்தது ஏழையின் வயிற்றில்.

கானோவில் பிறந்த வணிகர் அலிகோ டாங்கோட்டே, லாகோஸ் அருகே நாளொன்றுக்கு 6.5 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலையை அமைத்தார். 2024 ஜனவரியில் அது உற்பத்தியைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அதற்கும் அமெரிக்காவிலிருந்து கச்சா எண்ணெய் வாங்க நேர்ந்தது என்றால் அவலத்தைப் பாருங்கள்!

பன்னாட்டு நிறுவனங்கள் சுரண்டின. நைஜர் டெல்டாவின் நீரும் நிலமும் நாசமாயின. மறுக்கவில்லை. ஆனால் பழி முழுவதையும் வெளியே போட்டுவிட்டு ஆட்சியாளர்கள் தப்ப முடியாது.

இளைஞனே! நம் தெருக்களில் எழுந்த பல வீடுகள் வளைகுடா எண்ணெய்ப் பணத்தில் எழுந்தவை. அண்ணன் அனுப்பும் பணத்தில் ஒரு தொழில் கற்றாயா? ஒரு பகுதியைச் சேமித்தாயா? வணிகரே! உங்கள் கடை ஒரே சரக்கை, ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்கிறதா?

கதிர் கையில் இருக்கும்போதே களஞ்சியத்தைக் கட்டுங்கள். அல்லாஹ் அருள் புரிவானாக!