மிஞ்சியவர்களின் கதி
(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



ஆட்குறைப்பு என்றதும் வேலை போனவர்களைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். வேலையில் மிஞ்சியவர்கள் கதி என்ன?

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2006-ல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். கம்பெனி தன் செல்போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றது. 2014 ஏப்ரலில் கைமாறியபோது, வரித் தகராறில் சிக்கிய இந்த ஆலை அதில் சேரவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்தார்கள். நவம்பர் 1-ந் தேதி ஆலை மூடப்பட்டது.

25 வயதுப் பெண்ணுக்கு எதற்கு ஓய்வு? அதில் விருப்பம் யாருடையது?

இந்தப் பெயரில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால், கடைசியில் வந்தவர் முதலில் போகவேண்டும் என்று 1953 முதல் சட்டத்தில் விதி உண்டு. யார் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். தானாக எழுதிக் கொடுத்தால் அது ஆட்குறைப்பே அல்ல என்கிறது அதே சட்டம்! ஆகவே பல கம்பெனிகளில் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிடுகிறார்கள். உள்ளே என்ன பேசினார்கள், யார் பெயரைச் சொன்னார்கள்? வெளியே நிற்பவருக்குத் தெரியாது. அன்றைக்கே சந்தேகம் பிறந்துவிடுகிறது.

பிறகு வேலை ஓடுமா? 10 பேர் நடவு நடும் வயலில் ஒருத்தியைக் காரணமில்லாமல் "நாளைக்கு வராதே" என்று சொல்லிப் பாருங்கள். மற்ற 9 பேரும் குனிந்துதான் நடுவார்கள். ஆனால் நண்டு வளையில் தண்ணீர் போவதைக் கண்டாலும் பண்ணைக்காரரிடம் சொல்லமாட்டார்கள். ஆலையிலும் அப்படியே. மிஷினில் சத்தம் மாறினால் முன்பு ஓடிப்போய்ச் சொன்னவர், இப்போது மணியைப் பார்க்கிறார். இதைச் சோம்பல் என்கிறது நிர்வாகம். சோம்பலா? வாக்கை மீறியது யார்?

முதலாளிமேல் நம்பிக்கை போனதற்கு நான் அழப்போவதில்லை. பழைய தொழிலாளி, புதுப் பையனுக்கு இழை சேர்க்கக் கற்றுக்கொடுக்க மறுக்கிறாரே, "இவன் தேறினால் என்னை அனுப்பிவிடுவார்கள்" என்று, அதுதான் பெரிய நஷ்டம்.

100 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைக்க சர்க்கார் அனுமதி வேண்டும் என்றிருந்தது. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதை 300 ஆக்கியது. சிறு ஆலைகளில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

தனியாகக் கூப்பிட்டுக் காகிதம் நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். படித்துப் பார்க்க வீட்டுக்குக் கேளுங்கள். ஷிப்டு முடிந்ததும் உள்ளே பேசியதை எல்லோரிடமும் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த தேதி வரிசைப்படி பட்டியல் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லி, சங்கத்தின் மூலம் இந்த வாரமே கடிதம் கொடுங்கள்.